எலிக்குக் கிடைத்த மருந்தைக் காட்டி எமது உம்மாமாரின் கீமோவை நிறுத்தாதீர்கள்



நீண்ட பதிவு இது. வாசிக்க நேரமில்லாதவர்கள் ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். "ரோபோ ஊசி" என்று ஒன்று புற்றுநோயாளிகளுக்கு வழமையான சிகிச்சையாக எந்த நாட்டு ஆஸ்பத்திரியிலும் கொடுக்கப்படவில்லை. மஹரகமவில் இல்லை. சென்னையில் இல்லை. சிங்கப்பூரில் இல்லை. அமெரிக்காவிலும் இல்லை. கிளினிக் திகதியைத் தவற விடாதீர்கள்.

நேரமிருப்பவர்கள் தொடர்ந்து வாசியுங்கள்.

இரண்டு கிழமையாக எமது ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றுகிறது. சிவப்புக் குழாய்க்குள் ஆறு கால் முளைத்த உலோகப் பூச்சிகள் கூட்டமாக ஓடிப்போய் ஒரு கட்டியைக் கடித்துத் தின்கின்றன. பின்னால் ஒரு கம்பீரமான குரல், "கீமோவின் காலம் முடிந்துவிட்டது" என்கிறது. கீழே நூற்றுக்கணக்கில் மாஷா அல்லாஹ். அந்தப் பூச்சிகள் கணினியில் வரைந்த கார்ட்டூன். அப்படிக் கால் முளைத்த ஒரு உலோகப் பூச்சி எந்த மனிதனின் குருதிக்குள்ளும் ஓடியதில்லை.

கார்ட்டூன் பார்ப்பது பாவமில்லை. ஆனால் எமது பிரதேசத்தில் ஒரு தாய் இரண்டு தடவை கீமோவுக்குப் போகவில்லை. "கொஞ்சம் பொறுங்க ராத்தா, புது மெஷின் வருது, முடி கொட்டாது, வாந்தி வராது" என்று சொந்தத் தம்பியே தடுத்திருக்கிறார். அன்பில்தான் சொன்னார், அதில் எமக்குச் சந்தேகமில்லை. யார், எந்தத் தெரு என்று இன்பொக்ஸில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டோம். கீமோ ஒரு கணக்கின்படி கொடுக்கப்படுவது. முதல் தடவை அடிபட்ட கட்டி மறுபடி எழும்புமுன் அடுத்த தடவை அடிக்க வேண்டும். இடையில் விட்ட ஒவ்வொரு கிழமையும் கட்டிக்குக் கொடுத்த லீவு.

ஆகவே விஞ்ஞானம் படிப்பிக்கும் நாங்கள் சிலர் உட்கார்ந்து, இந்த மைக்ரோ ரோபோ விஷயம் உண்மையில் என்ன, எங்கே நிற்கிறது என்று தேடி வாசித்தோம்.

முதலில் ஏன் இப்படி ஒன்றைத் தேடுகிறார்கள் என்று விளங்க வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஒரு சிவப்பு மருந்தை எமது ஊரில் பல வீடுகளில் தெரியும். டொக்ஸோரூபிசின் அதன் பெயர். ஏற்றிய பிறகு சிறுநீர்கூடச் சிவப்பாகப் போகும். வேகமாகப் பெருகும் கலங்களை அது கொல்லும். கட்டியின் கலம் எது, தலைமுடி வேரின் கலம் எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இதயத் தசையையும் பாதிக்கும் என்பதால்தான் ஓர் ஆளுக்கு வாழ்நாளில் மொத்தம் இவ்வளவுதான் என்று வைத்தியர்கள் கணக்கு வைக்கிறார்கள். ஒரு திருடனைப் பிடிக்க ஊர் முழுக்கக் கண்ணீர்ப்புகை அடிப்பது போன்ற வேலை.

சரி, மருந்தைச் சிறிய துணிக்கைகளுக்குள் அடைத்து அனுப்பினால் கட்டிக்கு அதிகம் போகுமா? அதையும் பல வருடமாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். இதே சிவப்பு மருந்தைக் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்த ஊசிக்கு 1995லேயே அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அது இன்றும் பாவனையில் இருக்கிறது, பயனும் உண்டு. ஆனால் 2016ல் கனடாவின் டொரொன்டோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், பத்து வருடமாக விலங்குகளில் நடந்த நனோ துணிக்கை ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ஊசியில் ஏற்றியதில் கட்டியைப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு? நடுமதிப்பு 0.7 சதவீதம். ஆயிரம் கடிதம் தபாலில் போட்டால் ஏழு போய்ச் சேர்கிறது. மிச்சத்தை ஈரலும் மண்ணீரலும் வழியில் பிடித்துக்கொள்கின்றன.

அந்த ஏழை எழுபதாக்க முடியுமா என்ற கேள்வியிலிருந்துதான் "தானாகப் போகக்கூடிய, அல்லது வெளியிலிருந்து ஓட்டக்கூடிய துணிக்கை" என்ற யோசனை வலுப்பெறுகிறது. இதற்குத்தான் ரோபோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எமது கருத்தில் பாதிக் குழப்பம் இந்தப் பெயரால் வந்தது. சில்லு இல்லை, கமரா இல்லை, பட்டரி இல்லை, மூளையும் இல்லை. சிலது இரும்பு ஒக்சைட்டு கலந்த மணிகள். சிலது உயிருள்ள பற்றீரியா. சிலது எமது குளத்தில் படரும் பச்சைப் பாசியின் இனத்தைச் சேர்ந்த ஒரு கல அல்கா. ஒரு மணி சுமக்கும் மருந்து ஒன்றுக்கும் போதாது, தனியாகப் போனால் ஸ்கேனில் தெரியவும் மாட்டாது. அதனால் இலட்சக்கணக்கில் கூட்டமாக விடுகிறார்கள். ஹொங்கொங் சீனப் பல்கலைக்கழகத்தில் 2018ல், இரும்பு ஒக்சைட்டுத் துணிக்கைக் கூட்டமொன்றைக் காந்தப்புலத்தை மாற்றி மாற்றியே ரிப்பன் போல நீட்டியும் சுருக்கியும் காட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டளை இல்லை. வெளியில் இருக்கும் காந்தம்தான் மேய்ப்பன்.

இதிலுள்ள கஷ்டத்தை விளங்க ஒரு பழைய சங்கதி உதவும். 1977ல் பர்செல் என்ற அமெரிக்க பௌதிகவியலாளர், மிகச் சிறிய உயிர்கள் எப்படி நீந்துகின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார். அந்த அளவில் தண்ணீர் தண்ணீராக இருக்காது. எமக்குக் கித்துள் பாணி நிரப்பிய தொட்டிக்குள் நீந்துவது எப்படியோ, பற்றீரியாவுக்குத் தண்ணீர் அப்படி. கையை முன்னால் கொண்டுபோய் அதே பாதையில் பின்னால் கொண்டுவந்தால், போன தூரம் அப்படியே திரும்பி வந்துவிடும். சிப்பி போலத் திறந்து மூடி ஓர் அங்குலமும் நகர முடியாது. அதனால்தான் பற்றீரியாவுக்கு அல்லாஹ் சுழலும் வாலைக் கொடுத்திருக்கிறான், தக்கையில் திருகு இறங்குவது போலச் சுழற்றித்தான் முன்னேறும். ஆய்வுகூடங்கள் அந்தத் திருகைக் கொப்பியடிக்கின்றன, அல்லது பற்றீரியாவையே வேலைக்குப் பிடிக்கின்றன.

இப்போது நல்ல செய்திகளைச் சொல்கிறோம், ஏனென்றால் இவை உண்மை.

2016ல் கனடா மொன்ட்ரியலில் சில்வென் மார்ட்டலின் குழு, உடம்புக்குள் காந்தத் துணிக்கைகளைச் சங்கிலியாக வைத்திருக்கும் ஒரு கடல் பற்றீரியாவைப் பயன்படுத்தியது. இதற்கு ஒட்சிசன் குறைந்த இடம்தான் பிடிக்கும். வேகமாக வளரும் கட்டியின் நடுவிலும் ஒட்சிசன் குறைவு, அங்கே மருந்து போவது மிகக் கஷ்டம். பற்றீரியாவின் முதுகில் மருந்துக் குமிழிகளை ஒட்டி, காந்தத்தால் திசை காட்டி விட்டார்கள். அதிகபட்சமாக 55 சதவீதம் வரை அந்த ஒட்சிசன் குறைந்த பகுதிக்குள் நுழைந்தன. ஏழு கடிதம் எங்கே, இது எங்கே! ஆனால் எதில்? எலியில். எங்கே ஏற்றினார்கள்? கையில் நரம்பு பிடித்து அல்ல, கட்டிக்குப் பக்கத்திலேயே குத்தினார்கள்.

2024 ஜனவரியில் ஸ்பெயின் பார்சிலோனாவில் சாமுவேல் சஞ்செஸ் குழு, சிறுநீரில் உள்ள யூரியாவையே எரிபொருளாக எடுத்து ஓடும் சிலிக்காத் துணிக்கைகளைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குக் கொடுத்தது. கதிரியக்க அயடீனைச் சுமந்துபோன அவை ஒரே தடவையில் கட்டியின் அளவை 90 சதவீதம் குறைத்தன. எமது வட்ஸ்அப் வீடியோவில் வரும் "90 சதவீதம்" இதுவாகத்தான் இருக்க வேண்டும். இதுவும் எலி. அதோடு சிறுநீர்ப்பை என்பது ஒரு மூடிய பை, அங்கே குருதி ஓட்டத்தை எதிர்த்து நீந்தும் தேவையே இல்லை. நுரையீரலுக்கோ ஈரலுக்கோ அந்தக் கணக்கை அப்படியே கொண்டுபோக முடியாது.

அதே 2024ல் அமெரிக்கா சான் டியாகோவில், நாம் சொன்ன பச்சை அல்காவின் மேல் இதே சிவப்பு மருந்தைச் சுமத்தி, மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குள் விட்டார்கள். நுரையீரலுக்குப் பரவிய புற்றுநோய் இருந்த எலிகள். சிகிச்சை பெறாத எலிகளின் நடு ஆயுள் 27 நாள், பெற்றவற்றுக்கு 37 நாள். எலியின் ஆயுளுக்குப் பத்து நாள் பெரிய விஷயம், நாம் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கவனியுங்கள், அந்த எலிகள் குணமாகவில்லை. பத்து நாள் பிந்தி மௌத்தாகின. இந்தப் பத்து நாளைத்தான் எமது ஊரில் "கீமோவின் காலம் முடிந்துவிட்டது" என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள்.

எலியில் முடிந்தது மனிதனில் ஏன் முடியாது என்று ஒரு நானா குழுவில் கேட்டார். நல்ல கேள்வி. காந்தத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு சிறிய காந்தத்திலிருந்து தூரம் இரண்டு மடங்கானால், துணிக்கையை இழுக்கும் விசை ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காகிவிடும். எலியின் உடம்பு ஒரு தீப்பெட்டியின் தடிப்புக்குக் கொஞ்சம் கூட. எமது வயிற்றின் நடுவுக்கு ஒரு சாண் தூரம். அடுத்தது குருதி ஓட்டம். அல்கா ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு நீந்தும். எமது பெருநாடியில் குருதி செக்கனுக்குப் பல பத்து சென்ரிமீற்றர் வேகத்தில் பாய்கிறது. மாவிலாறு கதவைத் திறந்துவிட்டு எறும்பை எதிர்நீச்சல் போடச் சொல்வது போல. இவற்றுக்குப் பிறகும் கேள்விகள் இருக்கின்றன: வேலை முடிந்த பிறகு இலட்சக்கணக்கான துணிக்கைகளை வெளியே எடுப்பது எப்படி? பற்றீரியாவை எமது நோய் எதிர்ப்புச் சக்தி சும்மா விடுமா? எங்கெங்கோ பரவி ஸ்கேனில்கூடத் தெரியாத சிறு கட்டிகளுக்கு எந்தத் திசையில் காந்தம் பிடிப்பது?

மனிதரில் முயற்சியே நடக்கவில்லை என்றும் நாம் சொல்லவில்லை. 1996லேயே ஜெர்மனி பெர்லினில், நோய் முற்றிய 14 பேருக்குக் காந்தத் துணிக்கையோடு மருந்தைச் சேர்த்து ஏற்றி, கட்டியின் மேல் காந்தம் வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் உடம்பு தாங்கிக்கொண்டது. ஆனால் அது பாதுகாப்பைப் பார்க்கும் முதற்கட்டப் பரிசோதனைதான். இத்தனை வருடமாகியும் வழமையான சிகிச்சையாக அது வரவில்லை. 2025 நவம்பரில் சூரிச்சில் பிரெட்லி நெல்சன் குழு, காந்தத்தால் ஓட்டும் ஜெலட்டின் மணியொன்றைப் பன்றியிலும் செம்மறியாட்டிலும் ஓட்டிக் காட்டியது. (பன்றியிலா என்று முகம் சுளிக்க வேண்டாம், அதன் குருதிக் குழாய் எமது அளவுக்குக் கிட்ட வரும்.) பெரிய விலங்கு என்பதால் இது முக்கியமான படி. அவர்களின் முதல் குறி மூளைக் குழாயில் குருதி உறைதல், புற்றுநோய் இல்லை.

இவ்வளவும் சொன்னதும் எமக்கு வந்த பதில்கள் மூன்று வகை.

"நம்பிக்கை கொடுப்பது பிழையா சேர்?" பிழையில்லை. ஆனால் நம்பிக்கையை யாருடைய செலவில் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். ஃபோர்வர்ட் பண்ணியவருக்கு ஒரு சதம் செலவில்லை. கிளினிக்குக்குப் போகாத ராத்தாவின் உடம்புதான் அதற்குச் செலவாகிறது.

"டொக்டர்மார் கீமோ வியாபாரத்துக்காக இதை மறைக்கிறார்கள்." எந்த வியாபாரம்? மஹரகமவிலும் தெல்லிப்பழையிலும் மட்டக்களப்பிலும் அரசாங்க ஆஸ்பத்திரியில் கீமோ இலவசம். மருந்துத் தட்டுப்பாட்டு நாட்களில் வெளியில் வாங்கி அல்லோலப்பட்டது எமக்கும் தெரியும், அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் ரோபோ ஊசி மனிதரில் வேலை செய்திருந்தால் அதை மறைத்து எவரும் பணம் சம்பாதிக்க முடியாது. விற்றுத்தான் சம்பாதிக்க முடியும். மறுநாளே விற்றிருப்பார்கள். இந்த ஆய்வுகள் எல்லாமே பெயர் போட்டு, வருடம் போட்டு, எந்தப் பிராணியில் செய்தோம் என்று எழுதிப் பகிரங்கமாக வெளிவந்தவை. மறைத்தது வைத்தியர்கள் இல்லை. "எலி" என்ற சொல்லை வெட்டியெறிந்த வீடியோக்காரர்தான் மறைத்தார்.

மூன்றாவது கூட்டம் மற்றப் பக்கம் நிற்கிறது: "இதெல்லாம் வெள்ளைக்காரன் பொய், விஞ்ஞானம் என்று ஏமாற்றுகிறான்." இவர்கள் மேல் எமக்கு இன்னும் கோபம். பற்றீரியாவையே வாகனமாக்கி, அதன் முதுகில் மருந்தேற்றி, ஒட்சிசன் இல்லாத இடத்துக்கு ஓட்டுவது பொய்யில்லை. பௌதிகமும் இரசாயனமும் உயிரியலும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்த வேலை. எமது பிள்ளைகள் உயர்தரத்தில் விஞ்ஞானம் எடுத்து இந்த ஆய்வுகூடங்களுக்குப் போக வேண்டும் என்றுதான் நாம் பாடுபடுகிறோம். பத்து வருடத்தில், பதினைந்து வருடத்தில் இதில் ஒரு வகை சிறுநீர்ப்பைக்காவது வந்துசேரக்கூடும். வந்தால் நாமே முதலில் பதிவு போடுவோம். இன்றைக்குக் கட்டிலில் கிடப்பவருக்கு அது இன்றைய மருந்து இல்லை என்பதுதான் எமது வழக்கு.

இன்னொன்றும் காதில் விழுகிறது. வெளிநாட்டில் "ரோபோ சிகிச்சை" செய்து தருவதாகச் சொல்லி யாரோ இடைத்தரகர் ஒரு வீட்டில் கணக்குப் பேசியிருக்கிறாராம். காணி ஈடு வைக்கும் அளவுக்குக் கணக்கு. பயிற்சிக் கலாசாலையில் எமக்குப் பழக்கிய ஒரு விஷயம், பிள்ளை விடை சொன்னால் சரி பிழை சொல்லுமுன் "எப்படித் தெரியும்?" என்று கேட்பது. இடைத்தரகரிடமும் அதையே கேளுங்கள். மனிதரிலா எலியிலா? எத்தனை பேரில்? எந்தப் பரிசோதனை, எங்கே பதிவு செய்யப்பட்டது? உண்மையான மருத்துவப் பரிசோதனையில் புதிய மருந்துக்காக நோயாளியிடம் பொதுவாகப் பணம் கேட்பதில்லை. பதிலை எழுத்தில் வாங்கி, கையெழுத்துப் போடுமுன் உங்கள் புற்றுநோய் வைத்தியரிடம் காட்டுங்கள். அறுவைச் சிகிச்சையில் டொக்டர் கைகொண்டு இயக்கும் பெரிய ரோபோ மெஷின் ஒன்று உண்டு, அது உண்மைதான், அது வேறு. இரண்டையும் குழப்பி விலை பேசுவது இலேசு.

பணம் சேர்க்க எமது மக்களுக்குத் தெரியாது என்றில்லை. 2016ல் மஹரகம ஆஸ்பத்திரிக்கு பெட் ஸ்கேன் மெஷின் வாங்க, இன மத பேதம் பாராமல் இந்த நாட்டு மக்கள் 200 மில்லியன் ரூபா சேர்த்தார்கள். முன்னுக்கு நின்று ஓடியது எமது சமூகத்தவர். பள்ளிவாசல் வாசலில், பாடசாலை உண்டியலில் பத்து ரூபா நூறு ரூபாவாகச் சேர்ந்த பணம். அது உண்மையான மெஷின், உண்மையான நோயாளிகள்.

இனிச் சொல்லப்போவது சிலருக்குச் சுடும்.

இந்த வீடியோவைப் பகிர்ந்த பெற்றோரில் சிலர், எமது பாடசாலைக்குத் தரம் 6 தடுப்பூசிப் படிவம் வந்தபோது "விருப்பமில்லை" என்று எழுதி அனுப்பியவர்கள். எச்.பி.வி. தடுப்பூசி. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் காரணம் அந்த வைரஸ்தான். 2017 முதல் இந்த நாட்டில் தரம் 6 பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே இலவசமாகப் போடுகிறார்கள். சுவீடனில் 10 வயது முதல் 30 வயது வரையான 16 இலட்சத்துக்கும் அதிகமான பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2020ல் வெளியிட்டார்கள். 17 வயதுக்கு முன் ஊசி போட்டவர்களில் இந்தப் புற்றுநோய் வாய்ப்பு 88 சதவீதம் குறைவு. எலியில் இல்லை, பெண்களில். எலியின் 90 சதவீதத்துக்கு மாஷா அல்லாஹ் போட்டவர், மகளின் 88 சதவீதத்துக்கு "விருப்பமில்லை" எழுதுகிறார்!

காரணம் கேட்டால், "பிள்ளைப் பாக்கியம் இல்லாமப் போகுமாம்." எவர் சொன்னது? "வட்ஸ்அப்ல வந்தது."

உறவுகளே, 2018 பெப்ரவரியில் அம்பாறையில் என்ன நடந்தது? முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று ஒரு வீடியோ பரவியது. கடையை உடைத்தார்கள், பள்ளிவாசலைத் தாக்கினார்கள். பிறகு அரச பரிசோதனையில் அது வெறும் மாவுக் கட்டி என்று வந்தது. மலட்டு மாத்திரை என்ற பொய்யால் அடிவாங்கிய சமூகம் நாம். அதே மலட்டுப் பொய்யை இப்போது எமது பிள்ளைகளின் ஊசிக்கு எதிராக நாமே ஃபோர்வர்ட் பண்ணுகிறோம். இதை எந்த முகத்தோடு மற்றவரிடம் போய்ச் சொல்வது?

35 வயதிலும் 45 வயதிலும் பெண்களுக்கு எம்.ஓ.எச். அலுவலகத்தில் வெல் வுமன் கிளினிக் நடக்கிறது. கருப்பைக் கழுத்தையும் மார்பகத்தையும் பார்ப்பார்கள், இலவசம். வெட்கமாக இருந்தால் உங்கள் பகுதி மிட்வைஃபிடம் சொல்லுங்கள், அவர் பெண்தான், கூடவே வருவார். ஆண்களே, மனைவியைப் போகச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள். அன்றைக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், சோற்றையும் ஆக்குங்கள். அதுதான் பெரும்பாலும் தடையாக இருக்கிறது என்று தாய்மாரே எம்மிடம் சொல்கிறார்கள்.

கீமோவுக்குப் பயந்து வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாந்திக்கு இப்போது நல்ல மருந்துகள் இருக்கின்றன, தாங்க முடியாவிட்டால் வாய்திறந்து டொக்டரிடம் சொல்லுங்கள், அளவையும் மருந்தையும் மாற்றிப் பார்க்க வழியுண்டு. மஹரகமவுக்குத் தனியாகப் போகப் பயமென்றால், பஸ்ஸுக்குக் காசில்லையென்றால், இன்பொக்ஸில் எழுதுங்கள். லீவு நாட்களில் கூடப் போக எம்மில் நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். பெண்களுக்குத் துணையாக இரண்டு டீச்சர்மாரும் இருக்கிறார்கள்.

இந்தப் பதிவின் கீழே அந்தப் பூச்சி வீடியோவின் லிங்கைப் போடுபவர்களின் கொமன்ட் அழிக்கப்படும். வாதம் செய்ய வருபவர்கள் தாராளமாக வாருங்கள், ஆய்வின் பெயரையும் வருடத்தையும் எந்தப் பிராணி என்பதையும் கையோடு கொண்டு வாருங்கள்.

தரம் 6 படிவம் வருகிற திங்கட்கிழமை பிள்ளைகளின் பையில் வரும். வியாழக்கிழமைக்குள் கையெழுத்திட்டு அனுப்புங்கள். சந்தேகம் உள்ள பெற்றோருக்காகப் புதன்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலையில் இருப்போம். உம்மாமாரை மட்டும் அனுப்பாமல் வாப்பாமாரும் வாருங்கள்.